தங்கச்சிமடம் எங்கே முடிகிறது?

ராமேஸ்வரத்திலிருந்து பாம்பனுக்கு பஸ்ஸில் போனால் நடுவே தங்கச்சிமடமும் அக்காள்மடமும் வரும். கண்டக்டர் குரல் கொடுக்காவிட்டால், தங்கச்சி எங்கே முடிந்து அக்காள் எங்கே தொடங்கினாள் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஒரு டீக்கடை, வலை காயும் வேலி, அப்புறம் இன்னொரு டீக்கடை.

தனித்தனி ஊர்கள் வளர்ந்து ஒட்டிக்கொண்டால் அதை 'கானர்பேஷன்' என்பார்கள். தமிழில் கூட்டுநகரம் எனலாம். லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, 'உர்ப்ஸ்' என்றால் நகரம். இங்கிலாந்தின் லங்காஷயர் போன்ற ஆலைப் பகுதிகளில் ஊர்கள் கைகோத்து நிற்பதைப் பார்த்து, 1915-இல் வெளியான தன் நூலில் நகரத் திட்ட வல்லுநர் பேட்ரிக் கெடிஸ் இந்தச் சொல்லை உருவாக்கினார். முந்தைய ஆண்டுதான் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்கள் வந்த கப்பலை மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். ஆம், நாம் கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்போமே, அதே எம்டன்.

கெடிஸ் அடிப்படையில் உயிரியலாளர். கண்டபடி பரவும் லண்டனைப் பெரிய பவளப்பாறைக்கு ஒப்பிட்டார். மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பவள உயிரி பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கடியில் ஒரு கிண்ணம் கட்டும். பக்கத்தில் இன்னொன்று மொட்டுவிடும், அதுவும் கட்டும். வரைபடம் போட்டுக் கொடுக்க யாரும் இல்லை. உயிர் இருப்பது மேல்தோல் அளவுக்குத்தான். அடியில் இருப்பதெல்லாம் முன்னோர் கட்டிய கல். ஒரே கூட்டத்தின் துண்டுகள் உரசினால் ஒன்றாகிவிடும். வேறு இனமென்றால் கொட்டிச் சண்டை போடும். எல்லையோரக் குப்பையை எந்த ஊராட்சி அள்ளுவது என்ற தகராறைப் பார்த்தவர்களுக்கு அதுவும் புதிதல்ல.

சரி, நம் தீவு கூட்டுநகரமா? என் கணக்கில் இன்னும் இல்லை. ஒரே ஊர் பெருத்துக்கொண்டே போனால் அது கூட்டுநகரம் ஆகாது. சொந்தப் பிழைப்புள்ள பல ஊர்கள் சேர வேண்டும். அது இங்கே உண்டு: ராமேஸ்வரத்துக்குக் கோயில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் கடல். ஆனால் இடையில் பனையும் மணலுமாக இடைவெளி மிச்சமிருக்கிறது.

தனுஷ்கோடிக்குப் போனால், 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். அது பவளக்கல். அதிலுள்ள பொடிப்பொடிக் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் உயிரியின் வீடு.