ரேடார் டிடெக்டர்: கதுவியலை உணரி

வடசென்னைக்காரர்களிடம் ‘ரேடார்’ என்றால் முதலில் புயல்தான் நினைவுக்கு வரும். ராஜாஜி சாலையில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வானிலைத் துறை 2002இல் நிறுவிய டாப்ளர் ரேடாரைப் பற்றி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்தியில் கேட்காத வீடு காசிமேட்டிலோ ராயபுரத்திலோ இருக்காது. எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போனால் அதே சொல்லுக்கு வேறு பொருள். “முன்னாடி கன்னு வெச்சிருக்காங்க தலைவா, மெதுவா போ” என்று டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் மற்றவரை எச்சரிப்பது, வேகத்தை அளக்கும் காவல்துறையின் ‘ரேடார் கன்’னை மனத்தில் வைத்து. கார் ஷோரூமில் “இந்த மாடல்ல ரேடார் இருக்கு” என்கிறார்களே, அது முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி காக்க உதவும் கருவி. இந்த மூன்றும் அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிப்பவை. ‘ரேடார் டிடெக்டர்’ என்பது, வேகம் அளக்கும் ரேடார் முன்னால் இருப்பதை ஓட்டுநருக்கு எச்சரிக்கக் காரில் வைக்கும் கருவி; அது இந்தக் கூட்டத்தில் சேராது. அது எதையும் அனுப்பி அளப்பதில்லை; பிறர் அனுப்பும் அலையைக் கேட்பதோடு சரி.

குழப்பம் தமிழாக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. ‘ரேடார் கண்டறி கருவி’ என்று எழுதினால் அது வேற்றுமைத்தொகை. உருபு மறைந்து நிற்கிறது. ரேடாரால் கண்டறியும் கருவி என்று மூன்றாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம்; ரேடாரைக் கண்டறியும் கருவி என்று இரண்டாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். முதல் விரிவு காவலர் கையிலுள்ள கருவியைச் சுட்டும், இரண்டாவது காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பதை. ஒரே தொடர் எதிரெதிரான இரண்டு கருவிகளுக்குப் பெயராகிவிடுகிறது. உருபைத் தெளிவாக்கும் சொல் ஒன்று இடையில் வந்தே ஆகவேண்டும்.

‘ரேடார்’ தனிச்சொல்லாகப் பிறந்ததல்ல. ‘ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்’ என்ற தொடரின் எழுத்துகளைச் சேர்த்து அமெரிக்கக் கடற்படை 1940இல் உருவாக்கிய சுருக்கப் பெயர். ரேடியோ அலையால் கண்டறிந்து தொலைவை அளத்தல் என்பது அதன் பொருள். சாலையோரத்தில் பிடிக்கும் சாதாரண ரேடார் கன் தொலைவை அளப்பதே இல்லை; வேகத்தை மட்டும்தான் அளக்கும். மூலப்பெயரில் பாதி அந்தக் கருவிக்குப் பொருந்தவில்லை.

தமிழில் ரேடாருக்குப் புழங்கும் ‘கதுவி’ இந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகிறது. ‘கதுவீ’ என்றும் எழுதுவார்கள். கதுவுதல் என்றால் பற்றுதல், கவ்வுதல். குறுந்தொகை 8ஆம் பாட்டில், வயலோர மாமரத்திலிருந்து தானாக உதிரும் இனிய பழத்தை ‘பழன வாளை கதூஉம்’ என்று வருகிறது; வாளை மீன் பழத்தைக் கவ்வுகிறது. அலை போய் வண்டியில் பட்டுத் திரும்புகிறது, கருவி அதைக் கவ்விக்கொள்கிறது. தொலைவு பற்றி இந்தச் சொல் எந்த வாக்கும் தராததால் வானிலைக் கருவிக்கும் வேகக் கருவிக்கும் ஒருசேரப் பொருந்தும். ரேடாருக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து ‘டிடெக்டர்’. மூடியிருப்பதைத் திறத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. வானொலியின் தொடக்க காலத்தில், கண்ணுக்குத் தெரியாத அலை வந்து சேர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும் உறுப்புக்கு அந்தப் பெயர். அதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்பியலாளர் ஜகதீச சந்திர போஸ் கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு செய்த டிடெக்டருக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கல்கத்தாவில் அவர் சோதித்த அலைகள் சில மில்லிமீட்டர் நீளம் கொண்டவை. இன்று வேகம் அளக்கும் ரேடார்கள் பயன்படுத்துவதும் ஏறத்தாழ அந்த வகை அலைகளையே. சாலை ரேடாரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரையும் சொல்லவேண்டும்.

இனி அது வேலை செய்யும் விதம். ரேடார் கன் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையை வீசுகிறது. நெருங்கி வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். 1842இல் டாப்ளர் விளக்கிய விளைவு இது. 24.125 கிகாஹெர்ட்ஸ் கருவியில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 44.7 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். சென்னை மாநகரில் 2023 நவம்பரில் கார்களுக்கு வைத்த வரம்பு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நேரே வரும் கார் ஏறத்தாழ 2,680 ஹெர்ட்ஸ் மாற்றத்தைக் கொடுக்கும். 

டிடெக்டருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அதிலுள்ள சிறு கொம்பு ஆன்டெனா அலையை வாங்கும். உள்ளேயிருக்கும் அலையியற்றி, அதாவது தானே அலையை உண்டாக்கும் உறுப்பு, தரும் அதிர்வெண்ணோடு அது கலந்து, கையாள எளிதான தாழ்ந்த அதிர்வெண்ணாக மாறும். பட்டை எனப்படும் அதிர்வெண் வரம்புகள் மூன்று: எக்ஸ் பட்டையில் 10.5, கே பட்டையில் 24.1, கேஏ பட்டையில் 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை அது மாறி மாறித் தேடும். சிக்கினால் ஒலி எழுப்பும். உங்கள் வேகம் எவ்வளவு, அலை உங்களைக் குறிவைத்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ரேடார் உங்களை அளப்பதற்கு முன்பே டிடெக்டருக்குத் தெரிந்துவிடுவது எப்படி? தொலைவு இரட்டித்தால் ஒருவழி வரும் அலையின் வலிமை நாலில் ஒரு பங்காகக் குறையும். போய்ப் பட்டுத் திரும்பும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். ரேடார் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. டிடெக்டர் ஒருவழி அலையை வாங்குகிறது. ஆனால் அலையை நிறுத்தி வைத்திருந்து, வண்டி கிட்டே வந்ததும் விசையை அழுத்தும் காவலரிடம் இந்த முன்தகவலுக்கு வழியில்லை.

லேசர் கன் வந்த பிறகு அந்தச் சாதகம் இன்னும் சுருங்கிவிட்டது. அது ரேடியோ அலை அல்ல, 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. 300 மீட்டர் தள்ளியும் அந்தக் கற்றை ஒரு மீட்டர் அளவுக்கே விரியும். பல டிடெக்டர்களில் லேசரை உணரும் கண்ணும் உண்டு. அது ஒலிக்கும்போது பெரும்பாலும் வேகம் பதிவாகியிருக்கும். படத்தை மட்டும் வைத்து எண்பலகையைப் படிக்கும் கேமரா அலை எதையும் வீசாது. அங்கே டிடெக்டர் பேசாமலிருக்கும். ரேடார் கன் இல்லாமலே எழும் பொய் எச்சரிக்கைகளும் உண்டு. கடைகளின் தானியங்கிக் கதவும், பக்கத்து வண்டியின் 24 கிகாஹெர்ட்ஸ் பக்கவாட்டு எச்சரிப்பு ரேடாரும் அதை ஒலிக்கவைக்கும். துறைமுகத்து வானிலை ரேடார் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலையில் வேலை செய்வதால் அது இதன் காதில் விழாது.

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அமெரிக்காவில் கே பட்டையிலேயே சாலைப் பாதுகாப்புச் செய்திகளை அனுப்பும் முறை ஒன்று 1990களில் வந்தது. முன்னால் சாலைப் பணி, ஆம்புலன்ஸ் வருகிறது என்பது போன்ற 64 செய்திகள் அதில் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. ஏற்ற டிடெக்டர் அவற்றைத் திரையில் எழுத்தாகக் காட்டும். கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் சாலை கடக்கும் திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கத்துக்கு இத்தகைய எச்சரிக்கைதான் வேண்டும். சட்டமும் மறைந்திருந்து பிடிப்பதை நோக்கமாக வைக்கவில்லை: 2021இல் சேர்ந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மின்னணுக் கண்காணிப்பு உள்ள சாலைப் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது.

பெயருக்கு வருகிறேன். என் தேர்வு ‘கதுவியலை உணரி’. கதுவியின் அலையை உணர்வது என்று ஒரே வழியில்தான் அது விரியும். ‘கதுவி’ பழகாதவர்களுக்கு ‘ரேடாரலை உணரி’ என்று எழுதலாம், பொருள் மாறாது. காவலரின் கருவிக்கு ‘வேகக் கதுவி’ போதும். ‘துப்பாக்கி’யை அங்கே கொண்டுவரத் தேவையில்லை.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘ஜாமர்’. அது அலையை வீசி ரேடாரையே வேலை செய்யவிடாமல் தடுக்கும் கருவி. அலைத்தடுப்பி எனலாம். இந்தியாவில் தனியார் அலைத்தடுப்பி பயன்படுத்த அனுமதி இல்லை. உணரிக்கும் அதற்கும் ஒரே பெயரை வைத்து எழுதிவிடக்கூடாது.