பதிவடர்த்தி

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வெற்று வட்டு வாங்குகிறவர், “இதில் எத்தனை ஜீபி பிடிக்கும்?” என்றுதான் கேட்பார். அவர் கேட்பது கொள்ளளவை. அந்த அளவு எதனால் வந்தது என்பதைச் சொல்ல வேறொரு சொல் வேண்டும். ‘டென்சிட்டி’ என்று நாம் வாயளவில் வழங்கும் அதற்குப் பதிவடர்த்தி என்பதே பொருத்தம்: வட்டின் ஓரலகுப் பரப்பில் எத்தனை பிட் தரவு எழுதப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

ஆங்கிலச் சொல்லின் வேர், தடித்தது, நெருங்கியது எனப் பொருள்படும் இலத்தீன் ‘டென்சுஸ்’. தமிழில் அடர், செறி ஆகிய இரண்டும் நெருங்குதலைக் குறிப்பவைதாம். எனினும் நமது பாடநூல்களில் செறிவு கரைசலுக்கும், அடர்த்தி திணிவைக் கனவளவால் வகுத்து வருவதற்கும் என்று பிரிந்து நிலைத்துவிட்டன. ‘தரவுச் செறிவு’ பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரசாயனம் படித்த பிள்ளைக்கு அது முகவையை நினைவூட்டும். சதுரக் கிலோமீற்றருக்கு இத்தனை பேர் என எண்ணும் குடியடர்த்தியே இங்கு நல்ல முன்மாதிரி. சீடிக்கு நம்மிடையே வழங்கும் இறுவட்டு என்ற சொல்லிலும் இறுகுதல் ஒலிக்கிறது. (‘இறுவெட்டு’ என எழுதுவோர் பலர், வட்ட வடிவப் பொருளாதலால் வட்டு என்பதே சரி.)

1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டும் பின்னர் வந்த புளூ-ரேயும் 12 சென்ரிமீற்றர் விட்டமே உடையவை. ஆயினும் முன்னையது ஏறக்குறைய 700 மெகாபைற்றும், பின்னையது ஒரு படையில் (தரவு பதியும் ஓர் அடுக்கில்) 25 கிகாபைற்றும் கொள்கின்றன. தரவு, சுருளாகச் செல்லும் தடத்தில் நுண்குழிகளாகப் பதிந்திருக்கிறது. அதைப் படிக்கும் லேசர்ப் புள்ளி பருமனாக இருந்தால் பக்கத்துத் தடத்திலும் பட்டுக் குழப்பும்; ஆகவே தடங்களை நெருக்குவதற்கு முன் புள்ளியைச் சிறிதாக்க வேண்டும். அலைநீளம் குறையவும், வில்லை ஒளியைக் குவிக்கும் கோணம் விரியவும் புள்ளி சிறுக்கும். இறுவட்டுக்கு 780 நனோமீற்றர் செந்நிறக்கீழ் ஒளி, டீவீடிக்கு 650 நனோமீற்றர் சிவப்பு, புளூ-ரேக்கு 405 நனோமீற்றர் நீல ஊதா என்று ஒளி மாற மாற, தட இடைவெளியும் 1.6 மைக்குரோமீற்றரிலிருந்து 0.74 ஆகவும் பின் 0.32 ஆகவும் ஒடுங்கியது.

இதை வீட்டிலேயே காணலாம். பழைய பாட்டு இறுவட்டையும் கலியாண வீடியோ டீவீடியையும் குழல்விளக்கின் கீழ் அருகருகே சாய்த்துப் பாருங்கள். டீவீடியில் வானவில் நிறங்கள் கூடுதலாக விரிந்து தெரியும். தடங்கள் நெருங்க நெருங்க ஒளி அகன்று சிதறுவதே காரணம்.

படைகளைக் கூட்டுவதையும் சிலர் அடர்த்தி உயர்வு என்று எழுதுகிறார்கள். இரு படை கொண்ட 50 கிகாபைற்று வட்டில் கொள்ளளவு இரட்டித்தது; ஒவ்வொரு படையின் பதிவடர்த்தியோ அப்படியே இருக்கிறது. 3 படைகளில் 100 கிகாபைற்றைக் கொள்ளும் வட்டில், படை ஒன்றுக்கு 33 கிகாபைற்று அளவில் வருவதால், இரண்டுமே உயர்ந்துள்ளன.