செக்ரோல் இல்லாத பெரட்டு: குபெர்னெட்டீஸ் ஆளை எப்படி அடையாளம் காண்கிறது

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், கிராணி (கணக்குப்பிள்ளை) செக்ரோல் என்ற பேர்ப் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். பதில் குரல் வந்தால் ஆள் யார் என்பது முடிந்தது. யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று மேற்பார்வையாளரான மண்டோர் பிரித்துக் கொடுப்பது அதற்குப் பிறகு. செயலிகளை அடைத்து ஓட்டும் மென்பொருள் கொள்கலன்களை (கன்டெய்னர்) நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. முதலில் அடையாளம், பிறகு அனுமதி. ஆனால் அதனிடம் செக்ரோல் கிடையாது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை என்று வைத்துக்கொள்வோம். எடை மேடையில் ஏறும் லோரியின் எடையைப் பதியும் செயலியும் கூலிக் கணக்கும் மூன்று கணினிகளைச் சேர்த்து குபெர்னெட்டீஸ் நடத்தும் கிளஸ்டரில் ஓடுகின்றன. எடை மேடைச் செயலியைக் கவனிக்கும் குமாருக்கு மட்டும் அதைத் தொடும் உரிமை வேண்டும். கிளஸ்டருக்குள் 'குமார்' என்று ஒரு பயனர் கணக்கைத் திறக்க முடியாது. மனிதர்களுக்கான கணக்கு என்ற பொருளே குபெர்னெட்டீஸில் இல்லை. கிளஸ்டரின் சிஏ, அதாவது சான்றளிக்கும் தாய்ச் சாவி, கையொப்பமிட்ட சான்றிதழை யார் நீட்டினாலும், கிளஸ்டருக்கு வரும் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வர் நம்பும். சான்றிதழின் காமன் நேம்தான் பயனர் பெயர். ஆர்கனைசேஷன் என்ற இடத்தில் இருப்பது குழு. பேர்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை, முத்திரையை மட்டும் பார்க்கிறது.

குமார் தன் கணினியிலேயே ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவி கொண்டு 2048 பிட் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவியை உருவாக்க வேண்டும். அந்தச் சாவி அந்தக் கணினியை விட்டு எங்கும் போகக்கூடாது. அதிலிருந்து, காமன் நேமில் தன் பெயரையும் ஆர்கனைசேஷனில் குழுப் பெயரையும் போட்டு, ஒரு கோரிக்கைக் கோப்பை எடுத்து நிர்வாகியிடம் தருகிறார். நிர்வாகி அதை பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, சிஎஸ்ஆர் (சான்றிதழ் கோரிக்கை) என்ற பொருளாகக் கிளஸ்டரில் பதிகிறார். பலர் தடுக்கி விழும் இடம் இது. லினக்ஸின் பேஸ்64 கட்டளை 76 எழுத்துக்கு ஒரு முறை வரியை உடைக்கும். அந்த உடைப்புகளை நீக்காவிட்டால், சிஎஸ்ஆரை எழுதிப் பதியும் யாம்ல் கோப்பு கெட்டுவிடும். கையொப்பமிடுபவர் பெயராக 'குபே-ஏபிஐசர்வர்-கிளையன்ட்' வகையையும், பயன்பாடாக 'கிளையன்ட் ஆத்' என்பதையும் தர வேண்டும். ஆயுளை நொடியில் எழுதுகிறோம்: ஒரு வாரம் என்றால் 604800. குறைந்தது 600. இந்த வசதி 1.22 பதிப்பில் வந்தது. ஆயுளைக் குறிப்பிடாமல் விட்டால், வழக்கமான அமைப்பில் ஒரு வருடத்துக்கு வழங்கிவிடும்.

பிறகு கிளஸ்டருக்குக் கட்டளை தரும் கருவியான குபெக்டல் வழியாக அங்கீகரிக்க வேண்டும். அங்கீகரித்த கோரிக்கை ஒரு மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். அதற்குள் சான்றிதழை எடுத்துக் குமாருக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. கவனிக்காமல் கிடக்கும் கோரிக்கைக்கு 24 மணி நேரம். கடைசியில் எடை மேடைக்கான நேம்ஸ்பேஸில், அதாவது கிளஸ்டருக்குள் அதற்கென ஒதுக்கிய பகுதியில், என்னென்ன செய்யலாம் என்று சொல்லும் ஒரு ரோலும், அதைக் குமாரோடு இணைக்கும் ரோல்பைண்டிங்கும். நிரையைப் பிரித்துக் கொடுப்பது இதுதான்.

இனி நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயம். குமார் வேலையை விட்டுப் போகிறார். செக்ரோல் இருந்தால் பேரை அடித்துவிடலாம். இங்கே அடிப்பதற்குப் பேரே எழுதப்படவில்லை. வழங்கிய கிளையன்ட் சான்றிதழை ரத்து செய்யும் பட்டியல் எதையும் ஏபிஐ சர்வர் பார்ப்பதில்லை. தேதி முடியும்வரை அந்தச் சான்றிதழ் உயிரோடுதான் இருக்கும். நம் கையில் இருப்பது ரோல்பைண்டிங் மட்டுமே. அதில் 'குமார்' என்று எழுதியிருந்தால் நீக்கினால் போதும். குழுவின் பெயருக்கு உரிமை கொடுத்திருந்தால் அவரை மட்டும் தனியாக வெளியே எடுக்க வழியில்லை, குழுப் பெயரையே மாற்றி மற்ற எல்லாருக்கும் புதுச் சான்றிதழ் தர வேண்டும். அதனால் ஆட்களுக்கு உரிமையைப் பெயரோடு கட்டுவதும், ஆயுளை நாட்கணக்கில் வைப்பதும்தான் எங்கள் பரிந்துரை. அடுத்த வருடம் வேறொரு குமார் சேர்ந்தால் அதே பெயரைக் கொடுக்காதீர்கள். பழையவரின் சான்றிதழ் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் புதியவரின் உரிமை அவருக்கும் கிடைத்துவிடும். பெயரோடு வேலையாள் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' என்ற குழு இன்னும் ஆபத்தானது. அதற்கு ரோல்பைண்டிங்கே தேவையில்லை, எல்லாம் திறந்திருக்கும். சிஎஸ்ஆர் வழியாகக் கேட்டால் கிளஸ்டர் மறுத்துவிடும். சிஏ சாவியை எடுத்து நேரடியாகக் கையொப்பமிட்டால் தடுக்க எதுவும் இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழ் வெளியே போய்விட்டால் சிஏவையே மாற்றி எல்லாக் கணினிகளுக்கும் புதிதாக வழங்க வேண்டியதுதான். குபெக்டல் கிளஸ்டரோடு இணையப் பயன்படுத்தும் குபெகான்ஃபிக் கோப்பை அவசரத்துக்கு வாட்சப்பில் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பெரும்பாலும் அதற்குள் சாவியும் சேர்ந்தே இருக்கிறது.

கோளாறு வந்தால் எண்ணைப் பாருங்கள். 401 என்றால் ஆளையே அடையாளம் தெரியவில்லை: சான்றிதழ் காலாவதி, அல்லது வேறு சிஏ கையொப்பமிட்டது. 403 என்றால் ஆள் தெரிகிறது, உரிமை இல்லை. அந்த 403 செய்தியில் 'சிஸ்டம்:அனானிமஸ்' என்ற பெயர் இருந்தால் சான்றிதழ் சர்வர்வரை போய்ச் சேரவே இல்லை. வரும் இணைப்புகளைப் பகிர்ந்து அனுப்ப நடுவில் உள்ள லோட் பேலன்சர், டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பைத் தானே முடித்துக்கொண்டால் இப்படி ஆகும்; ஏபிஐ சர்வரின் 6443 போர்ட்டுக்கு வரும் இணைப்பைப் பிரிக்காமல் அப்படியே கடத்தச் சொல்ல வேண்டும். 'காலாவதி ஆகிவிட்டது அல்லது இன்னும் தொடங்கவில்லை' என்று குபெக்டலே புலம்பினால் முதலில் அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் பழைய அலுவலகக் கணினி சில வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். 1.28 முதல் 'ஆத் ஹூஆம்ஐ' என்ற கட்டளை, சர்வர் நம்மை எந்தப் பெயரில் பார்க்கிறது என்று நேரடியாகச் சொல்லிவிடும்.

கிளஸ்டரின் சொந்தச் சான்றிதழ்களுக்கும் தேதி உண்டு. கிளஸ்டரை நிறுவும் கருவியான குபெஅட்மின் கொண்டு அமைத்திருந்தால் சிஏவுக்கு 10 வருடம், மற்றவற்றுக்கு ஒரே வருடம். பதிப்பை உயர்த்தும்போது அவை தானாகப் புதுப்பிக்கப்படும். வருடம் முழுக்க யாரும் கை வைக்காத கிளஸ்டரில்தான் திடீரென்று கதவு சாத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் எடை மேடைச் செயலி அந்த நேரத்திலும் ஓடும். அது விழுந்தால் தூக்கி நிறுத்தத்தான் ஆள் இருக்காது. குபெஅட்மினின் 'செக்-எக்ஸ்பிரேஷன்' கட்டளை மீதி நாட்களைக் காட்டும், 'ரென்யூ ஆல்' புதுப்பிக்கும். புதுப்பித்த பிறகு ஏபிஐ சர்வர் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஓடும் பாட்களை (கொள்கலன் தொகுதிகளை) மறுபடி தொடங்க வேண்டும். நிர்வாகியின் ஹோம் டைரக்டரியில் உள்ள குபெகான்ஃபிக் பழைய நகல்தான், அதையும் புதிதாக நகலெடுத்து வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் 401 வரும்.