சாரைக்கு எதற்குப் பொல்லு?

போன கிழமை திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி ஓட்டோவில் உரப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஆறடிச் சாரைப்பாம்பு. கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டிய நைலோன் வலையில் மாட்டி, அது இழுக்க இழுக்க நூல் செதிலுக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வலைக்கண்ணாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் போனது. வலைக்காயம் ஆறியிருக்கும். தலைக்குப் பின்னால் விழுந்த பொல்லடிதான் ஆறவில்லை, பின்னேரம் செத்துவிட்டது. "நான் வாறதுக்குள்ள அயலில அடிச்சுப்போட்டினம், டொக்டர்" என்று சொல்லும்போது அந்தத் தம்பிக்குக் குரல் எழும்பவில்லை. இந்த மாதத்தில் இது நான்காவது.

அடித்தவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: "சாரைதானே நாகத்தின்ர ஆண்." மிருக வைத்தியராக இருபது வருடமாக இதைக் கேட்கிறேன். நாகத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, இரண்டும் படம் எடுக்கும். சாரையிலும் அப்படியே ஆணும் பெண்ணும் உண்டு. சாரை முட்டையிலிருந்து சாரைதான் வரும். இரண்டும் வேறு வேறு குடும்பம், ஒன்றோடொன்று இணைசேராது. நாகம் சாரையைப் பிடித்து விழுங்குவதுகூட உண்டு. "பிணைந்து நின்றதைக் கண்ணால் கண்டோம்" என்பவர்கள் கண்டது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. உடலை முறுக்கி, முன்பாதியைத் தூக்கி, ஒன்றின் தலையை மற்றது நிலத்தில் அமுக்கப் பார்க்கும். தோற்றது போய்விடும். மூலையில் மடக்கினால் சாரை கழுத்தை உப்பவைத்து உறுமும். அதைப் படமென்று நினைத்துப் பயப்படுகிறோம். அதற்கு விஷம் இல்லை.

மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்கிறார்கள். பாம்பின் வாயால் முலையை உறிஞ்ச முடியாது. பற்கள் பின்பக்கம் வளைந்தவை, கவ்வினால் காம்பு கிழியும், மாடு உதைத்தே தள்ளிவிடும். பால் குறைவது அநேகமாக மடிவீக்கத்தால். பாம்பைத் தேடித் திரிந்துவிட்டு என்னிடம் வரும்போது ஒரு காம்பு முழுதாய்ப் பழுதாகியிருக்கும். தயவுசெய்து முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள்.

சரி, சாரை வளவுக்குள் ஏன் வருகிறது? எலிக்கு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோனது எலிக்காய்ச்சல்தான். எலியின் மூத்திரம் கலந்த வெள்ளத்தில் காலில் ஒரு கீறலோடு நடந்தாலே போதும். எங்களுக்கும் அதே மாரிதான், அதே கான்கள்தான் நிரம்பி வழிகின்றன. எலி மூன்று கிழமையில் குட்டி போடும். அதன் வளைக்குள்ளேயே நுழைந்து குட்டிகளோடு விழுங்க நீங்களும் நானும் போவதில்லை, சாரை போகும்.

இரவில் அந்த வேலை கூகையினுடையது. ஒரு பழைய கட்டிடத்தின் கூரைக்கடியில் கிடந்த கூகை கக்கிய உருண்டை ஒன்றைக் கையில் பிட்டுப் பார்த்தேன். சாம்பல்நிற மயிருக்குள் மூன்று எலி மண்டையோடுகள், மஞ்சள் பற்கள் அப்படியே. ஓரிரு வேளை இரை அது. அந்தப் பறவையை அபசகுனம் என்று கல்லெறிந்து கலைக்கிறோம். அப்புறம் கடையில் எலிப்பாசாணம் வாங்குகிறோம். பாசாணம் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், அதைக் கூகை பிடிக்கும், பூனை பிடிக்கும். உடம்புக்குள் இரத்தம் கசிந்த பூனைகளுக்கு வைட்டமின் கே ஊசி போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. கூகையை யாரும் கொண்டுவருவதில்லை, அது எங்கோ விழுந்து கிடக்கும்.

மீன் கழிவு கிடக்கும் கானடியில் நிற்கும் கபரகொய்யா என்ற நீர் உடும்பும் அப்படித்தான். செத்ததையும் அழுகியதையும் தின்று தீர்க்கிறது. அதற்கும் கல்லெறி.

ஆனால் கோட்டைப் புள்ளிமான்களில் எங்களுக்கு எவ்வளவு ஆசை! பாண் கொடுத்துப் படம் எடுக்கிறோம். பாண் மானின் இரைப்பையில் புளித்து அதையே கொல்லலாம். பாணோடு போடும் சொப்பின் பை வயிற்றிலேயே தங்கிவிடும். மானுக்குப் புல் போதும், ஒன்றும் கொடுக்காதீர்கள்.

இனிச் செய்யவேண்டியவை. கோழிக்கூட்டுக்கு நைலோன் வலை வேண்டாம், சிறுகண் கம்பிவலை அடியுங்கள். மீன் செதிலையும் சோற்றையும் மதிலுக்கு வெளியே வீசாதீர்கள், எலியை அழைப்பதே அதுதான். பாசாணத்தை விட்டுப் பொறி வையுங்கள். பாம்பைக் கண்டால் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கிட்டப் போகவே வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 அடியுங்கள். யாரையும் கடித்தால் கட்டிறுக்காதீர்கள், கீறாதீர்கள், உடனே 1990 இல் அம்புலன்ஸ்.

நேற்று விடிய ஒரு அக்கா போன் எடுத்தார். "டொக்டர், கிணற்றடியில ஒரு சாரை. இவர் பொல்லோட நிக்கிறார், என்ன செய்ய?" கோழிக்குஞ்சுகளைக் கூட்டில் அடைத்துவிட்டு அவரைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடச் சொன்னேன். பத்து நிமிசத்தில் திரும்ப எடுத்தார். அது மதில் ஓட்டையால் பக்கத்து வெறும் வளவுக்குப் போய்விட்டதாம். ஓட்டையை அடைக்கட்டுமா என்று கேட்டார். விடுங்கோ, எலியும் அந்த வழியால்தான் வருது என்றேன்.