கான்ஷியஸ்னெஸ்: விழிப்புணர்வு இல்லங்க, நனவு

மூளை, மனம், தத்துவம்னு எந்தப் புத்தகம் தமிழ்ல வந்தாலும் சரி, அதைப் பத்தி யாராவது வீடியோ போட்டாலும் சரி, கான்ஷியஸ்னெஸ், அதாவது பாக்கறது, வலிக்கறது எல்லாம் உள்ளுக்குள்ள ஒரு அனுபவமா இருக்கறது, அந்தச் சொல்லோட இடத்துல தவறாம வந்து உக்காந்துக்கற சொல் விழிப்புணர்வு. "மனித விழிப்புணர்வின் புதிர்", "விலங்குகளுக்கு விழிப்புணர்வு உண்டா?", "விழிப்புணர்வு மூளையில் எங்கே இருக்கிறது?" இப்படியே போகுது. இது தப்பு, சும்மா நுணுக்கம் பாக்கற தப்பு இல்ல, அந்தப் புத்தகம் எதைப் பத்தியோ அதையே காணாமப் பண்ற தப்பு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல வேர். லத்தீன்ல கான் அப்படின்னா கூட, ஸ்கீரே அப்படின்னா அறிய. ரெண்டும் சேர்ந்த கான்ஷியென்டியா, இன்னொருத்தர் கூட சேர்ந்து அறிஞ்சிருக்கறது, சாட்சியா இருக்கறதுங்கிற மாதிரி பொருள். அதுலேருந்து தான் கான்ஷியன்ஸும் வந்தது, அதுக்கு நம்ம கிட்ட மனசாட்சின்னு அச்சு அசலான சொல் இருக்கு. 17ஆம் நூற்றாண்டுல தான் இங்கிலீஷ்ல ரெண்டும் தெளிவா பிரிஞ்சது, 1678ல ரால்ஃப் கட்வொர்த்ங்கிற இங்கிலீஷ் தத்துவவாதி கான்ஷியஸ்னெஸ்ங்கிற சொல்ல தத்துவப் பொருள்ல எடுத்தார், கொஞ்ச வருஷத்துல இன்னொரு தத்துவவாதி ஜான் லாக் "ஒருத்தர் மனசுக்குள்ள நடக்கறத அவரே உணர்றது"ங்கிற மாதிரி வரையறை கொடுத்தார். பிரெஞ்சுல இன்னைக்கும் ரெண்டுக்கும் ஒரே சொல் தான். வேர்க்கதை இவ்ளோ போதும்.

இப்ப விழிப்புணர்வுக்கு வருவோம். இந்தச் சொல்லுக்குத் தமிழ்ல ஏற்கனவே ஒரு முழுநேர வேலை இருக்கு. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு, கண்தான விழிப்புணர்வு, விழிப்புணர்வுப் பேரணி. அதாவது ஒரு விஷயம் தெரியாம இருந்தவங்களுக்கு அதைத் தெரியப்படுத்தி உஷார் படுத்தறது, இங்கிலீஷ்ல அவேர்னெஸ். அந்த வேலைய நல்லா செய்யுது, அதுல எனக்குப் புகார் இல்ல. ஆனா தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995ல "ஹார்ட் ப்ராப்ளம்"னு பேர் வச்ச கேள்வி இருக்கே, மூளைல இத்தனை நியூரான் வேலை செய்யும்போது கூடவே சிவப்பு சிவப்பா தெரியறதும் வலி வலிக்கறதும் ஏன்னு கேக்கற கேள்வி, அதை "விழிப்புணர்வின் கடினமான பிரச்சினை"ன்னு எழுதினா, புதுசா படிக்க வர்ற பிள்ளைக்கு மக்கள் கிட்ட ஏதோ தகவல் போய்ச் சேரலங்கிற பிரச்சினை மாதிரி தானே தோணும்? வாசகர் மேல குத்தமே இல்ல, சொல் அப்படித்தான் இழுத்துட்டுப் போகுது.

சரி, பிரச்சார வாடைய விடுங்க, சொல்ல மட்டும் பிரிச்சுப் பாத்தா கூட நிக்காது. விழிப்பு வேற, நாம பேசற விஷயம் வேற. வெஜிடேட்டிவ் ஸ்டேட்ல இருக்கற நோயாளி கண்ண முழிச்சுப் பாத்துட்டு இருப்பாங்க, தூக்கமும் முழிப்பும் மாறி மாறி வரும், ஆனா உள்ள யாராவது இருக்காங்களாங்கிறதுக்கு எந்த அடையாளமும் வெளிய தெரியாது. 2006ல நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு அப்படி ஒரு 23 வயசுப் பொண்ண ஸ்கேனர்ல படுக்க வச்சு "டென்னிஸ் ஆடற மாதிரி நினைச்சுக்கோ"ன்னு சொன்னாங்க, அப்புறம் "உன் வீட்டு அறை அறையா நடந்து போற மாதிரி நினைச்சுக்கோ"ன்னாங்க. ஆரோக்கியமா இருக்கறவங்க மூளைல எந்தெந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதிகள் அந்தப் பொண்ணுக்கும் வேலை செஞ்சது. முழிப்பு இருக்குங்கிறது முதல்லயே தெரியும், அதுக்கும் மேல இன்னொண்ணு இருக்குங்கிறது தான் அந்த ஆய்வோட செய்தியே. இப்ப இந்தப் பத்திய விழிப்புணர்வுங்கிற சொல்ல வச்சு மொழிபெயர்த்துப் பாருங்க. "விழிப்பு இருந்தது, விழிப்புணர்வு இருக்கிறதா என்று தெரியவில்லை." வாசகர் ரெண்டு தடவ படிச்சுட்டு அச்சுப்பிழைன்னு தாண்டிப் போயிடுவாரு.

மத்த சொற்களையும் பாத்துடலாம். சுயநினைவுன்னு மருத்துவச் செய்தில எழுதறாங்க, பேச்சுல "நினைவு தப்பிருச்சு"ன்னு சொல்றோம், அது அந்த இடத்துக்குப் பொருந்தும். தத்துவத்துக்கு ஆகாது, நினைவுன்னா ஞாபகம்னும் அர்த்தம் வருது. 1953ல மூளை அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட ஹென்றி மொலைசன்ங்கிற நோயாளிக்கு அதுக்கப்புறம் நடந்தது எதுவும் மனசுல தங்கல, புது நினைவே சேரல, ஆனா பேசினார், சிரிச்சார், அந்தந்த நிமிஷத்த முழுசா அனுபவிச்சார். நினைவு போனாலும் கான்ஷியஸ்னெஸ் போகலங்கிறது தானே அங்க பாடம்.

பிரக்ஞை ரசிகர்கள் நிறைய பேர் இருக்காங்க, இலக்கிய வட்டத்துல செல்வாக்கான சொல். ஆனா பௌத்தத்துல பிரக்ஞைன்னா மெய்யறிவு, பயிற்சில அடையற ஞானம், அது எல்லாருக்கும் வாய்க்கறது இல்ல. வௌவாலுக்கு பிரக்ஞை உண்டான்னு கேட்டா ஞானம் உண்டான்னு கேட்ட மாதிரி ஆகுது. அது போக அந்தச் சொல்லச் சுத்தி ஒரு புகைமூட்டம் இருக்கு, எழுதறவருக்கே என்ன சொல்றோம்னு தெரியாதப்ப ஒளிஞ்சுக்க வசதியான சொல்.

உணர்வு? நல்ல பழைய தமிழ் தான், "ஐயுணர்வு எய்தியக் கண்ணும் பயமின்றே மெய்யுணர்வு இல்லா தவர்க்கு"ன்னு வள்ளுவர் புலனுக்கும் ஞானத்துக்கும் சேர்த்தே ஆளறார். அதான் சிக்கல். மொழியுணர்வு, பசியுணர்வு, குற்றவுணர்வு எல்லாத்தையும் ஏற்கனவே சுமக்குது, இதையும் ஏத்தினா தாங்காது.

நான் சொல்றது நனவு. அன்கான்ஷியஸ், அதாவது நமக்கே தெரியாம உள்ள வேலை செய்யற மனசு, அதை நனவிலி மனம்னு உளவியலாளர் ஃப்ராய்ட் பத்தி எழுதறவங்க ரொம்ப காலமா எழுதறாங்க. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல பிரபலமாக்கின ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னெஸ நனவோடைன்னு நம்ம விமர்சகர்கள் அழகா ஆக்கி வச்சிருக்காங்க, நாவல் படிக்கற யாருக்கும் தெரிஞ்ச சொல். ஓடைக்கு நனவு, இல்லாததுக்கு நனவிலி, ஆனா அந்தப் பொருளுக்கு மட்டும் விழிப்புணர்வா? ஒரு குடும்பத்துல தலைப்பிள்ளைய மட்டும் வேற பேர் வச்சுக் கூப்பிடற மாதிரி இருக்கு.

இதுக்கு எதிரா ஒரு வலுவான கேள்வி வரும், வரணும். நனவுன்னா கனவுக்கு எதிர்ப்பதம், "நனவென ஒன்றில்லை யாயின்"னு குறளே சொல்லுது, சைவ சித்தாந்தத்துலயும் நனவு, கனவு, உறக்கம்னு படிப்படியா வர்ற நிலைகள்ல அது ஒண்ணு தான். ஆனா கனவு காணும்போதும் நமக்குப் பயம், சந்தோஷம் எல்லாம் இருக்கே, கனவும் கான்ஷியஸ்னெஸ்ல சேர்த்தி தானேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி.

பதில் தொல்காப்பியத்துல இருக்கு. உரியியல்ல "நனவே களனும் அகலமும் செய்யும்"னு ஒரு நூற்பா. நனவுன்னா களம், ஆடுகளம், அகன்ற வெளி. அகநானூறு 82ல கபிலர் ஒரு மலைச்சாரல காட்டுவார், மூங்கில் துளைல காத்து புகுந்து குழல் ஊதுது, அருவி முழவு கொட்டுது, வண்டு யாழ் வாசிக்குது, மந்திகள் சபை மாதிரி உக்காந்து மிரண்டு பாக்குது, நடுவுல மயில் "நனவுப்புகு விறலியின்" தோன்றுது. களத்துக்குள்ள நுழையற ஆட்டக்காரி மாதிரி. இந்த நனவும் கனவுக்கு எதிரான நனவும் ஒரே வேரா ரெண்டு வேரான்னு சண்டை போடலாம், எனக்கு அது முக்கியமில்ல, காதுல விழற சொல் ஒண்ணு தான். எதெது தோன்றுதோ அதெல்லாம் தோன்றற களம், அதானே நாம தேடற பொருள்? கனவும் அங்க தான் ஆடுது. 1988ல உளவியலாளர் பெர்னார்ட் பார்ஸ் வச்ச குளோபல் வொர்க்ஸ்பேஸ் கொள்கையும், அதாவது மூளை முழுக்கப் பரவற தகவல் தான் நனவுக்கு வருதுங்கிற கொள்கையும், மேடை, வெளிச்சம்னு தான் பேசுது. மேடைன்னு சொன்னா உள்ள ஒருத்தர் உக்காந்து பாக்கற மாதிரி ஆயிடும்னு தத்துவவாதி டேனியல் டென்னட் 1991ல கடுமையா எதிர்த்தார், சரி, ஆனா நனவுங்கிற சொல் களத்த மட்டும் தான் சொல்லுது, பாக்கற ஆள உள்ள உக்கார வைக்கல.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல எனக்குள்ள பெரிய வருத்தம் என்னன்னா, ஒரே புத்தகத்துல முதல் அத்தியாயத்துல பிரக்ஞை, மூணாவதுல விழிப்புணர்வு, கடைசில உணர்வுநிலைன்னு மாத்தி மாத்திப் போடறது. ஆசிரியர் ஒரே பொருளத் தொடர்ந்து பேசறாருங்கிறதே வாசகருக்குத் தெரியாமப் போகுது. அவேர்னெஸும் கான்ஷியஸ்னெஸும் ஒரே வாக்கியத்துல வந்தா ரெண்டுக்கும் விழிப்புணர்வுன்னே போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க. சரிபாக்கற எடிட்டரும் கேக்கறதில்ல.

இப்ப ஏஐ பத்தின பேச்சுல இது இன்னும் மோசமாயிட்டு வருது. "இயந்திரத்துக்கு விழிப்புணர்வு வந்துவிட்டது"ன்னு தலைப்பு போடறாங்க, ஏதோ அது உஷாராயிடுச்சுங்கிற மாதிரி. சுத்தி நடக்கறத ஒரு சென்சார் கூட கண்டுபிடிச்சு அலாரம் அடிக்கும், அது கேள்வியே இல்ல. தத்துவவாதி தாமஸ் நேகல் 1974ல வௌவாலா இருக்கறது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கும்னு கேட்டாரே, அதே கேள்விய இயந்திரத்தப் பத்திக் கேக்கறோம்: அதுவா இருக்கறதுன்னா அதுக்கு ஏதாவது மாதிரி இருக்கா, இல்ல உள்ள வெறும் இருட்டா? இயந்திரத்துக்கு நனவு உண்டான்னு தலைப்பு போட்டீங்கன்னா வாசகர் சரியான கேள்விலேருந்தே ஆரம்பிப்பார்.