மூன்றாவது கேமில் குறுகும் கிளியர்

என்னிடம் இறகுப்பந்துப் பயிற்சிக்கு வந்த 14 வயது மாணவி ஒருத்தி முதல் கேமை எளிதாக வென்றுவிட்டு, மூன்றாவது கேமில் தோற்பதை வழக்கமாக வைத்திருந்தாள். "ஸ்டாமினா பத்தலை சார்" என்று அவளுடைய தந்தை தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைத்தார். மூன்று மாதம் ஓடிய பிறகும் முடிவு மாறவில்லை.

அடுத்த போட்டியில் ஷட்டிலை விட்டுவிட்டு அவளுடைய பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி அடிக்கும் கணத்தில் போட வேண்டிய சிறு துள்ளல், அதாவது ஸ்பிளிட் ஸ்டெப், மூன்றாவது கேமில் காணாமல் போயிருந்தது. அதனால் பின்மூலைக்கு அரை அடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். ஷட்டில் தலையைத் தாண்டிய பிறகு கையை மட்டும் வீசி அடித்தாள். கிளியர், அதாவது எதிராளியின் பின்கோடு வரை உயர்த்தி அனுப்ப வேண்டிய அடி, அங்கே எட்டாமல் நடுக்கோர்ட்டில் விழ, எதிராளி அதை ஸ்மாஷாக மாற்றிக்கொண்டார். பார்வையாளர்களுக்கு அது கைத்தவறாகவே தெரிந்திருக்கும்.

இறகுப்பந்தில் ஒரு புள்ளிக்காக மாறி மாறி அடிக்கும் ரேலிகள் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும் என்றாலும், 6.7 மீட்டர் நீளமும் 5.18 மீட்டர் அகலமும் கொண்ட ஒற்றையர் பாதிக்களத்தில் அந்தச் சில விநாடிகளுக்குள் பாய்ந்து, நின்று, திரும்பி, மீண்டும் நடுவுக்கு வர வேண்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டியில் இந்தியாவின் பி.வி. சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடங்கள் ஆடினர். அதில் ஒரு ரேலி மட்டும் 73 ஷாட்கள் நீடித்தது. மெதுவான நீண்ட ஓட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். ரேலிகளுக்கு இடையே மூச்சு விரைவாகத் திரும்புவதற்கு அது அடித்தளம். ஆனால் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடிப் பழகிய கால்களுக்குத் திடீரென்று நிற்கவும் திரும்பவும் தெரிந்துவிடாது.

ஆகவே அவளுக்கு 20 விநாடி ஷேடோ ஃபுட்வொர்க் (ஷட்டில் இல்லாமல் செய்யும் கால்நகர்வுப் பயிற்சி), 40 விநாடி ஓய்வு என்று பத்துச் சுற்றுகள் கொடுத்து, களைப்பு ஆறுவதற்குள் பத்து கிளியர் அடிக்கச் சொன்னேன். தொடர்ந்து மூன்று கிளியர்கள் குறுகினால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது, ஏனெனில் வடிவம் கெட்ட பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் உடல் அந்தக் கெட்ட வடிவத்தைத்தான் மனப்பாடம் செய்யும். இந்த இடத்தில் பெற்றோருக்கும் எனக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும்.

பிடியும் ஸ்டாமினாவின் ஒரு பகுதிதான். ராக்கெட்டை ஆட்டம் முழுவதும் இறுக்கிப் பிடிப்பவருக்கு முன்கை விரைவில் கனத்துப்போகும். விரல்களைத் தளர்வாக வைத்து, ஷட்டிலைத் தொடும் நேரத்தில் மட்டும் இறுக்குவதே முறை. லஞ்சில், அதாவது ஷட்டிலை எட்ட ஒரு காலை நீட்டி வைத்து முழங்காலை மடக்கும்போது, குதிகால் முதலில் ஊன்ற வேண்டும். முழங்கால் உள்ளே சாயாமல் பாதத்தின் திசையிலேயே மடங்க வேண்டும். களைத்தவரின் முழங்கால் சாய்வதைக் கண்டால் நான் உடனே நிறுத்திவிடுவேன். வளரும் வயதுப் பிள்ளைகள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் வலிக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வார இறுதியில் மட்டும் ஷட்டில் ஆட வரும் நடுவயதினர் பலர் உடலைச் சூடேற்றாமல் நேராக இரட்டையர் ஆட்டத்தில் இறங்குகிறார்கள், அதுவும் உயரமான குதிகால் மெத்தை வைத்த ஓட்டக் காலணியோடு. அந்த மெத்தை நேராக ஓடுவதற்கானது; பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் புரள்வதற்கு அதுவே காரணமாகிறது. பத்து நிமிட வார்ம்-அப்பும், ரப்பர் அடிப்பாகம் கொண்ட தட்டையான கோர்ட் ஷூவும் இல்லாமல் என் கோர்ட்டில் யாரையும் இறக்குவதில்லை.