செஞ்சிலுவை: ரெட் கிராஸுக்கு தமிழ்ல என்ன, ஏன்

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல ஜே.ஆர்.சி.ல சேந்திருக்கா, அதாவது ஜூனியர் ரெட் கிராஸ். போன வாரம் சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால "இளம் செம்சிலுவை சங்கம்"னு பெருசா எழுதி பார்டர் எல்லாம் போட்டு முடிச்சிட்டா. "செம்சிலுவை இல்லடி, செஞ்சிலுவை"ன்னேன். "ஏன் மாமா, சிவப்புன்னா செம் தானே?" சரி, ரெட்ஹில்ஸ் போற பஸ்ல தமிழ்ல என்ன போட்ருப்பான்னு கேட்டேன். "செங்குன்றம்"னு சொல்லிட்டு அவளே யோசிக்க ஆரம்பிச்சிட்டா.

அதேதான் இதுவும். செம்மைங்கற சொல்லுல கடைசி மை விழுந்துடும், நன்னூல்ல இதுக்கு "ஈறு போதல்"னு ஆரம்பிக்கிற சூத்திரமே இருக்கு, மிச்சம் நிக்கிற ம் அடுத்து வர்ற எழுத்துக்கு ஏத்தமாதிரி மாறிக்கும். க வந்தா செங்கல், த வந்தா செந்தாமரை, ச வந்தா செஞ்சோறு, செஞ்சிலுவை. நாக்குக்கு சுளுவா இருக்கறதுதான் இங்க இலக்கணம், செம்சிலுவைன்னு வேகமா நாலு தடவ சொல்லிப் பாருங்க.

செம்மை நம்மளோடது, சிலுவை வெளிய இருந்து வந்தது. சிரியாக் மொழில ஸ்லீபா, அதோட உறவுதான் அரபில சலீப், கேரளாவுல சுரியானி கிறிஸ்தவங்க இன்னிக்கும் ஸ்லீவான்னுதான் சொல்றாங்க. போர்ச்சுகீசுக்காரங்க க்ரூஸ்னு கொண்டு வந்தது தனியா குருசுன்னு ஆச்சு, தெக்க கடலோர ஊர்ல குருசடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதனால செஞ்சிலுவை முழு தனித்தமிழ் கிடையாது, ஆனா எனக்கு அதுல குறையே தெரியல. "சிவப்புச் சிலுவை"ன்னு எழுதறதுதான் உறுத்துது, அது பெயிண்ட் கலர் சொல்ற மாதிரி இருக்கு.

ஆனா அந்த சிலுவைக்கு மதத்தோட சம்பந்தம் இல்ல. 1859 ஜூன் 24, வட இத்தாலில சோல்ஃபெரினோங்கற ஊர்ல பெரிய சண்டை, செத்தவங்களும் அடிபட்டவங்களுமா கிட்டத்தட்ட 40,000 பேர். வேற வேலையா அந்தப் பக்கம் போன ஜெனிவா வியாபாரி ஹென்றி டூனான்ட் அதைப் பாத்துட்டு, பக்கத்து ஊர் பொம்பளைங்களோட சேந்து, எந்த நாட்டு சிப்பாய்னு பாக்காம தண்ணி குடுத்து கட்டு போட்டார். அதை 1862-ல புத்தகமா எழுத, 1863-ல ஜெனிவால கமிட்டி, 1864-ல முதல் ஜெனிவா ஒப்பந்தம். அடையாளம் வேணும்னதும் சுவிட்சர்லாந்து கொடிய கலர் மாத்திப் போட்டாங்க, செவப்புல வெள்ளைக்கு பதிலா வெள்ளைல செவப்பு, அவ்ளோதான். 1876-ல ஒட்டோமான் பேரரசு எங்களுக்கு பிறைதான் வேணும்னு சொல்லிடுச்சு, அது செம்பிறை. 2005-ல ரெண்டும் வேணாங்கறவங்களுக்காக செம்படிகமும், அதாவது ரெட் கிரிஸ்டல், வந்துச்சு. ப முன்னாடி ம் மாறாம நிக்குது பாருங்க. டூனான்ட் நடுவுல திவாலாகி, ஆரம்பிச்ச கமிட்டிய விட்டே வெளிய போனவர், கடைசில 1901-ல முதல் அமைதி நோபல்ல பாதி அவருக்குத்தான்.

நம்ம பேப்பர்காரங்க செய்ற குழப்பம் ஒண்ணு இருக்கு. ஜெனிவால இருக்கறது குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு, யுத்தம், கைதி விவகாரம் எல்லாம் அது. சங்கம்கறது ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. நம்மூர்ல முதல் உலகப்போர் சமயத்துல தனி சங்கம் கிடையாது, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பிரிட்டிஷ் ரெட் கிராஸும் சேந்த கமிட்டிதான், மெட்ராஸ் மாகாணத்துல வசூலான காசுல "மெட்ராஸ்"னே பேர் வெச்சு ஒரு ஆஸ்பத்திரி கப்பல் கூட ஓடுச்சு. 1920-ல தனிச் சட்டம் போட்டு இந்திய செஞ்சிலுவைச் சங்கம் வந்துச்சு, தலைவர் குடியரசுத் தலைவர், மாநிலத்துல கவர்னர். தமிழ்நாடு கிளை நம்ம எழும்பூர்ல இருக்கு. ரத்த தானம், முதலுதவி பயிற்சி, வெள்ளம் புயல்னா நிவாரணம், ஸ்கூல்ல ஜே.ஆர்.சி., காலேஜ்ல ஒய்.ஆர்.சி. (யூத் ரெட் கிராஸ்) எல்லாம் இவங்க வேலை. குழு, சங்கம் ரெண்டையும் பேப்பர்ல சங்கம்னே எழுதிட்டா யார் எங்க போனாங்கன்னு படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப் போர்டு, டாக்டர் கார் கண்ணாடி, பேண்டேஜ் டப்பா எல்லாத்துலயும் செஞ்சிலுவை போடறாங்கல்ல, அது தப்பு. யுத்தத்துல "இவங்கள சுடாதே"ன்னு அர்த்தம் அதுக்கு, ஆஸ்பத்திரின்னு இல்ல. 1960 ஜெனிவா ஒப்பந்தச் சட்டத்துல அனுமதி இல்லாம போட்டா 500 ரூபா வரைக்கும் அபராதம், ஆனா அந்தத் தொகைக்கு யார் பயப்படப் போறா. எங்க தெரு மெடிக்கல் அண்ணன்கிட்ட சொன்னேன், "தம்பி, பிளஸ் இல்லன்னா மாத்திரை கடைன்னு எப்படி தெரியும், வேணும்னா பச்சை அடிச்சுக்கறேன்"னார். பச்சை ஓகேதான்.

சார்ட்ல ம் மேல வெள்ளை பேப்பர் ஒட்டி ஞ் எழுதிட்டா, கொஞ்சம் குண்டா வந்துச்சு. செஞ்சிலுவைக்கும் சங்கத்துக்கும் நடுவுல ஒரு ச் வரணும்னு அப்புறமாத்தான் சொன்னேன். "மாமா, இடமே இல்ல"ன்னா. பாத்தா நிஜமாவே இல்ல.